முட்டி வலி உள்ள அம்மாவுடன் சிங்க்வே டெர்ரே: எங்கே தங்கலாம், எதை விடலாம்?

காவேரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரம் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். ஃபுளோரன்ஸ் பார்த்துவிட்டு, அங்கிருந்து ரயிலில் சிங்க்வே டெர்ரே (இத்தாலியில் கடலை ஒட்டிய மலைச்சரிவில் வரிசையாக உள்ள 5 சின்ன ஊர்கள்) போய் 4 இரவு தங்கலாம் என்று நினைக்கிறேன்.

இதற்குக் காரணம் அம்மாதான். வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. கடலோரப் பாறை மேல் மஞ்சளும் ரோஸும் காவியுமாக வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி ஒரு படம். அந்த வருடம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, தேதித் தாளை மட்டும் கிழித்துவிட்டுப் படத்தை அம்மா அப்படியே வைத்திருக்கிறாள். அது மனரோலா என்கிற ஊர் என்பது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு 66 வயது. இடது முட்டியில் தேய்மானம். சமதளம் என்றால் அரை மணி நேரம் நடப்பாள். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்குக் கஷ்டம். அப்பாவுக்கு 71, தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறவர். மகளுக்கு 8 வயது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டாள், மற்றவர்கள் எப்படியும் சமாளிப்போம்.

எந்த ஊரில் தங்குவது? 5 ஊரையும் பார்க்க முடியுமா? கார் எடுப்பது நல்லதா? படித்த குறிப்புகள் எல்லாம் முதுகுப் பையோடு மலையேறுகிறவர்களுக்கு எழுதியதாகவே இருக்கின்றன. பெரியவர்களோடு போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.


நடைப்பயணி எழுதியது:

கார் வேண்டவே வேண்டாம். ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், மேலே நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும். 5 ஊருக்கும் இரண்டு பக்கத்தில் உள்ள லா ஸ்பேட்சியாவுக்கும் லெவான்டோவுக்கும் நடுவே ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு 5 நிமிடம்கூட ஆகாது. நாங்கள் ஒரே நாளில் 5 ஊரையும் பார்த்தோம். ஆனால் நாங்கள் போனது நண்பர்கள் நாலு பேர், ராத்திரி கால் வீங்கிப் படுத்தோம். அம்மாவோடு அப்படிச் செய்ய வேண்டாம்.


துறைமுகத்தான் எழுதியது:

வணக்கம் சகோதரி. லா ஸ்பேட்சியாவில் கப்பல் கட்டும் தளத்து வேலையாக 3 வருடம் இருந்தேன். சனி, ஞாயிறு வந்தால் இந்த ஊர்கள்தான். என் அம்மாவும் ஒரு முறை வந்து 20 நாள் தங்கினார், அவருக்கும் முட்டிதான் பிரச்சினை. அதனால் உங்கள் கேள்வியை என் வீட்டுக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தங்கும் இடம். 5 ஊரில் கால் நீட்டி நடக்கச் சமதளம் உள்ளது மொன்டெரோஸ்ஸோ மட்டும்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே கடற்கரை. ஸ்டேஷன் இருக்கும் பகுதி புது ஊர், ஃபெஜினா என்று பெயர். அங்கிருந்து ஒரு சின்னச் சுரங்கப் பாதை வழியாகப் பழைய ஊருக்குப் போய்விடலாம். மற்ற நாலும் செங்குத்தான ஊர்கள். நடுத்தெரு ஓரளவு சரிவாக இருக்கும், அதை விட்டு விலகினால் எல்லாம் படி.

வீடு எடுக்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஸ்டேஷனிலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் எத்தனை படி? "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். என் அம்மா வந்தபோது இரண்டு இரவுக்கு இந்த ஊர்களில் ஒன்றில் அறை எடுத்தேன். 5 நிமிடம் என்பது உண்மைதான், ஆனால் அந்த 5 நிமிடமும் படி. 118 படி. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் கீழே இறங்கவே பயந்து, சன்னல் ஓரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. படி எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், லிஃப்ட் உண்டா என்பதையும் சேர்த்து.

அப்புறம், 5 ஊரையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கொர்னீலியா கடலோரத்திலேயே இல்லை, கடலுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முகட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷன் கீழே. மேலே போக லர்தரீனா என்கிற படிக்கட்டு, ஏறக்குறைய 380 படி. சின்ன பஸ் ஒன்று ஓடுகிறது, ஆனால் ரயில் வந்ததும் அதற்குள் இடம் பிடிப்பது சிரமம். அப்பாவும் பேத்தியும் வேண்டுமானால் படியேறிப் போய்வரட்டும்.

காலண்டர் படத்துக்கு வருகிறேன். மனரோலா ஸ்டேஷனில் இறங்கினால் பாறையைக் குடைந்த ஒரு நடைசுரங்கம் ஊருக்குள் கொண்டுபோய் விடும். ஒரு சின்ன ஏற்றமும் இறக்கமும் கடந்தால் படகுத்துறை. அங்கிருந்து வலப்பக்கம் கடலை ஒட்டி ஒரு பாதை புன்டா பொன்ஃபீலியோ என்கிற முனைக்குப் போகிறது. தளம் போட்ட பாதை, கைப்பிடி உண்டு. அதில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் உங்கள் சமையலறைப் படம் அப்படியே நிற்கும். பகலில் போகாதீர்கள், நெருக்கித் தள்ளும் கூட்டம். சாயங்கால வெயில் அந்தச் சுவர்களின் மேல் நேராக விழும், பகல் கூட்டமும் ரயில் ஏறிப் போயிருக்கும். அம்மாவை ஒரு மணி நேரம் அங்கே உட்காரவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. எல்லாரும் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பாருங்கள். அது மலையாகவே இல்லை, அடி முதல் முடி வரை மனிதர்கள் கட்டிய படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல் சுவர், சுவருக்குப் பின்னால் இரண்டு முழம் மண், அதில் திராட்சைக் கொடி. சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது, வெறும் கல்மேல் கல். பல நூற்றாண்டு வேலை. 1997-இல் யுனெஸ்கோ இந்தக் கடற்கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நிலமும் ஒரு முக்கியக் காரணம். இப்படிக் கல் அடுக்கும் கலையையும் 2018-இல் தனியாக இன்னொரு பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்தச் சுவர் ஒன்று சரிந்து, ஒரு பெரியவர் அதைத் திரும்பக் கட்டியதை, மனரோலாவுக்கு மேலே மலையில் இருக்கும் வொலாஸ்த்ரா என்கிற ஊருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கல்லை எடுப்பார், கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சுத்தியால் ஒரு தட்டு. சத்தம் பிடிக்காவிட்டால் ஓரமாகப் போட்டுவிடுவார். பிடித்தால் நல்ல முகத்தை வெளியே வைத்து, உள்பக்கம் லேசாகச் சாய்த்து உட்காரவைப்பார். அதற்குப் பின்னால் கைப்பிடி கைப்பிடியாகச் சில்லுக் கற்களைத் திணிப்பார். மழைத் தண்ணீர் அந்தச் சில்லுகளுக்குள் இறங்கிச் சுவரின் இடுக்கு வழியாக வடிந்துவிட வேண்டும். சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், சுவர் வயிறு தள்ளி ஒரு மழையில் விழும். ஒரு முற்பகல் முழுக்கக் கட்டி அவர் முடித்தது என் இரண்டு கையை விரித்தால் வரும் நீளம்தான்.

இளையவர்கள் வேறு வேலைக்குப் போய்விட, பல தோட்டங்கள் கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடக்கின்றன. கவனிக்க ஆளில்லாத சுவர் மழைக்கு நிற்காது. 25 அக்டோபர் 2011 அன்று பெய்த பேய் மழையில் மலையிலிருந்து சேறும் கல்லும் இறங்கி, 5 ஊரில் இரண்டான வெர்னாட்ஸாவையும் மொன்டெரோஸ்ஸோவையும் மூடியது. வெர்னாட்ஸாவில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். நடுத்தெருவில் கடைக் கதவுகளுக்கு மேல் வரைக்கும் சேறு. இன்று அதே தெருவில் ஐஸ்கிரீம் வாங்கி நிற்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

அம்மாவால் அந்த மலைக்குப் போக முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்குச் சின்ன பஸ் போகிறது. மேலே தேவாலயத்துப் பக்கம் இறங்கினால் ஆலிவ் மரங்கள், நிழல், கீழே கடல் முழுவதும். அம்மா அங்கே உட்காரட்டும். அப்பாவும் மகளும் நல்ல ஷூ போட்டுக்கொண்டு, கொர்னீலியா போகும் பாதையில் கால் மணி நேரம் மட்டும் திராட்சைத் தோட்டத்துக்குள் நடந்துவிட்டுத் திரும்பட்டும். பாதை குறுகல், ஒரு பக்கம் பள்ளம், குழந்தை கையை விடக்கூடாது. தோட்டங்களுக்குள் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று செங்குத்தாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். பல்சக்கரம் வைத்த குட்டி இன்ஜின் அதில் திராட்சைக் கூடைகளை இழுக்கும். உங்கள் மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

டிக்கெட் விஷயம்: சிங்க்வே டெர்ரே ட்ரெனோ கார்டு வாங்குங்கள். அந்த நாள் முழுக்க லெவான்டோவுக்கும் லா ஸ்பேட்சியாவுக்கும் இடையே எத்தனை முறை வேண்டுமானாலும் ரயில் ஏறலாம், ஊர்களுக்குள் ஓடும் சின்ன பஸ்ஸும் அதில் அடங்கும். விலை நாளுக்கு நாள் மாறும். 70 தாண்டியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைவு, அப்பாவின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

காதல் பாதை என்று ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ஒரு நடைபாதை உண்டு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பெரும்பாலும் சமதளம். 2012-இல் பாறை சரிந்து சிலர் காயமடைந்ததால் மூடி, 2024-இல்தான் முழுதாகத் திறந்தார்கள். ஊருக்கு ஊர் போகும் கடலோரப் பாதைகளில் அம்மாவால் நடக்க முடிவது அது ஒன்றுதான். தனியாகக் கட்டணம் கட்டி, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், இப்போதே பாருங்கள்.


மிதிவண்டி எழுதியது:

துறைமுகத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லெவான்டோவையும் யோசியுங்கள். 5 ஊரில் சேராது, ஆனால் மொன்டெரோஸ்ஸோவுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். ஊர் பரந்து கிடக்கிறது, வீட்டு வாடகையும் குறைவு. பழைய ரயில் பாதை வேறு தடத்துக்கு மாறியபின் அதன் சுரங்கங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஒதுக்கிவிட்டார்கள். லெவான்டோவிலிருந்து பொனஸ்ஸோலா வழியாக ஃபிரமூரா வரைக்கும் 5 கிலோமீட்டருக்கு மேல், ஒரு மேடு பள்ளம் கிடையாது. சுரங்கத்துக்குள் சில்லென்று இருக்கும், இரண்டு சுரங்கத்துக்கு நடுவே திடீரென்று கடல் தெரியும். என் மாமியார் பொனஸ்ஸோலா வரைக்கும் நடந்தே போனார். உங்கள் மகளுக்கு வாடகை சைக்கிள் கிடைக்கும்.


காவேரிக்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கல் சுவர் பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எங்கள் தாத்தா வயலில் வரப்பு வெட்டியவர், அதனால் இருக்கும்.

இன்னும் மூன்று சந்தேகம். படகில் போகலாமா? மே மாதம் மழை வருமா? அம்மாவுக்குச் சாப்பாடு? அங்கே பாஸ்தாவில் கலக்கும் பெஸ்தோ என்கிற பச்சைத் துவையல் சைவம்தானே?


துறைமுகத்தான் எழுதியது:

படகு போகலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஏறி இறங்க வேண்டாம். மனரோலா மாதிரி ஊர்களில் படகு பாறையை ஒட்டி நின்று, முன்பக்கத்தில் ஒரு ஒடுங்கிய பலகை போடுவார்கள். அலைக்கு அது ஆடும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. மொன்டெரோஸ்ஸோவில் ஏறி, லா ஸ்பேட்சியா பக்கம் உள்ள போர்ட்டோவேனெரே என்கிற ஊருக்கு நேராகப் போய் இறங்குங்கள், அங்கே நல்ல அகலமான கரை. வழியில் ஊர்கள் எல்லாம் கடலிலிருந்து தெரியும். படகு நிற்காத ஒரே ஊர் கொர்னீலியா, அதற்குத்தான் துறையே இல்லையே. திரும்ப வர போர்ட்டோவேனெரேயிலிருந்து லா ஸ்பேட்சியாவுக்கு பஸ், அங்கிருந்து ரயில். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, ஆகவே அதை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம்.

மே மாதம் ஓரிரு தூறல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. இங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான்.

சாப்பாடு. பெஸ்தோவில் துளசி இனத்து இலை, பைன் பருப்பு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கூடவே சீஸ். அந்த பார்மிஜானோ சீஸுக்குப் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். அம்மாவுக்கு இது முக்கியம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பிட்டபின் தெரிந்தால் மனசு சங்கடப்படும். என் அம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டேன், அது தவறு.

அதற்குப் பதில் இரண்டு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். மேலே பொன்னிறமாகக் கொப்புளம் கட்டி, ஓரம் மொறுமொறு என்றும் நடு மெத்தென்றும் வரும். சூடாக வெட்டித் தாளில் வைத்துத் தருவார்கள், மிளகுத் தூளைத் தூவிக்கொள்ள வேண்டும். தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும் நேரம் பார்த்து வாங்குங்கள், ஆறினால் ருசி போய்விடும். இன்னொன்று மெஷூவா. லா ஸ்பேட்சியாவின் சொந்தச் சாப்பாடு: கொண்டைக்கடலை, வெள்ளைக் காராமணி மாதிரி ஒரு பயறு, கோதுமை, மூன்றையும் தனித்தனியே வேகவைத்துக் கலந்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெயும் மிளகும். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது சிந்திய தானியத்தைப் பெண்கள் பொறுக்கி வந்து செய்ததுதான் இதன் ஆரம்பம் என்று அங்கே சொல்வார்கள். இறைச்சித் தண்ணீர் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

த்ரோஃபியே என்கிற முறுக்கிய பாஸ்தா வழக்கமாக மாவும் தண்ணீரும்தான், முட்டை சேராது. இருந்தாலும் "சென்ட்ஸா உவோவா" என்று சொல்லிக் கேளுங்கள், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். "சென்ட்ஸா அச்சூகே" என்றால் நெத்திலி இல்லாமல். மொன்டெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பேர்போன ஊர், நீங்கள் நினைக்காத இடத்தில்கூட அது வந்துவிடும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் காலை, இரவு கவலை இல்லை. லா ஸ்பேட்சியாவில் காவூர் சதுக்கத்துச் சந்தையில் காய்கறி நன்றாக இருக்கும்.

பெரிய பெட்டிகளைக் கொண்டுபோகாதீர்கள். ஆளுக்கு ஒரு கைப்பை போதும்.


காவேரிக்கரை எழுதியது (ஜூன்):

போய்வந்துவிட்டோம். சொன்ன மாதிரியே எழுதிக் கேட்டேன், மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும் படிகளை எண்ணிச் சொன்னார். மொன்டெரோஸ்ஸோவில் அவருடைய வீட்டையே எடுத்தோம். 14 படி, பக்கவாட்டில் கம்பி.

முதல் நாள் கடல் சரியில்லை, படகு ஓடவில்லை. மூன்றாம் நாள் போனோம். கொர்னீலியாவை விட்டுவிட்டோம், வெர்னாட்ஸாவில் ஒரு மணி நேரம்தான், நெரிசல் தாங்கவில்லை. காதல் பாதையை அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்து முழுதாக நடந்தாள். ஃபரினாத்தாவை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இதில் கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்" என்றாள். அடுத்த இரண்டு நாளும் அதையே கேட்டாள். பெஸ்தோ பற்றி முன்பே சொல்லிவிட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள். அந்த இலையை மட்டும் சந்தையில் வாங்கி, தேங்காய் கிடைக்காமல் வேர்க்கடலை சேர்த்து ஒரு துவையல் செய்தாள்.

மனரோலாவில் சாயங்காலம் 6 மணிக்கு அந்த முனையில் உட்கார்ந்தோம். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மூன்றாவது வீட்டு சன்னலில் துணி காய்கிறது பார், படத்தில் இல்லை" என்றாள்.

வொலாஸ்த்ராவில் அப்பா கால் மணி நேரம் என்று போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எல்லாச் சுவரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாராம். மகள் ஒற்றைத் தண்டவாளத்தை நாலு பக்கமும் நின்று வரைந்துகொண்டாள். நேற்று கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். காலண்டரில் வொலாஸ்த்ரா தெரியாது, அது படத்துக்கு வெளியே மேலே இருக்கிறது. அதனால் அப்பா படத்துக்கு மேலே சுவரிலேயே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வருகிறவர்களிடம் இங்கேதான் பஸ் நிற்கும் என்று காட்டுகிறாராம்.